பழைய தலைவலி வேறு, காய்ச்சலோடு வரும் தலைவலி வேறு

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நாலு ஆடு இருக்கிறது, அதற்குப் புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போவேன். பன்னிரண்டு வருடமாக எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மாதம் மூன்று நான்கு முறை வரும். மாத்திரை போட்டுக்கொண்டு இருட்டில் படுத்தால் மறுநாள் சரியாகிவிடும்.

போன கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் தலைவலி ஆரம்பித்தது. வழக்கமானதுதான் என்று வழக்கமான மாத்திரையைப் போட்டேன். ராத்திரி குளிர் எடுத்தது, உடம்பு கொதித்தது. தலைவலி முற்றித்தான் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைத்தேன். மாமியார் சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டார். மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கி மூன்று நாள் சாப்பிட்டேன். போட்டால் நாலு மணி நேரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி மண்டை பிளக்கும். ஆறாம் நாள் வாந்தி. சம்பந்தமில்லாமல் பேசினேன் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா என் இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கைக் கண்டுபிடித்து, இது உண்ணிக் காய்ச்சல் என்றார். முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மருந்து ஏற்றி இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

என் சந்தேகங்கள்: தலைவலி முற்றினால் காய்ச்சல் வருமா? பூச்சி கடித்தது இடுப்பில், தலை ஏன் அப்படி வலித்தது? அடுத்த முறை எந்தத் தலைவலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் மகளுக்கு ஒன்பது வயது. காய்ச்சல் வந்தால் அவளும் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று இப்போது பயமாக இருக்கிறது. முதுகில் ஊசி போடச் சம்மதிக்காதது தப்பா? காய்ச்சல் விட்டு எத்தனை நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தலைவலி முற்றிக் காய்ச்சலாக மாறாது. அபூர்வமான ஓரிரு வகைகளை விட்டுவிட்டால், ஒற்றைத் தலைவலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், குடலைப் பிடுங்க வாந்தி எடுக்க வைத்தாலும், உடம்புச் சூட்டை ஏற்றாது. உங்களுக்கு அன்று சாயங்காலம் வந்தது பழைய தலைவலியே இல்லை. அது காய்ச்சலின் முதல் ஆள். சூடு ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே தலைவலி வந்து நிற்பது பல தொற்றுகளில் வழக்கம். முன்னால் வந்ததால் அதுதான் காரணம் என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பன்னிரண்டு வருடப் பழக்கம் அல்லவா?

இதற்கு நேர் எதிரானது நடக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தால், அந்தக் காய்ச்சலே பழைய தலைவலியைத் தட்டி எழுப்பிவிடும். பட்டினி, தூக்கமின்மை, தண்ணீர் குறைவது எல்லாம் உங்கள் தலைவலிக்குத் தீனி. காய்ச்சல் நாட்களில் மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. கூடவே காபி. காய்ச்சல் வாய்க்குக் காபி கசக்கும், இரண்டு நாள் தொடமாட்டீர்கள். தினமும் குடித்துப் பழகியவர்களுக்குக் கடைசி டம்ளர் போன பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அதற்கென்றே ஒரு தலைவலி வரும். காய்ச்சல் குறைந்தும் தலைவலி போகவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு அரை டம்ளர் காபியில் சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, இடுப்பில் கடித்ததற்குத் தலை ஏன் வலித்தது?

நீங்கள் தையல் வேலை செய்கிறவர், அதனால் இஸ்திரிப் பெட்டியை வைத்தே சொல்கிறேன். அதில் ஒரு திருகு இருக்கிறது. பட்டு என்ற இடத்தில் வைத்திருந்ததைப் பருத்திக்குத் திருப்பினால், அந்தச் சூடு வரும்வரை சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. உடம்புச் சூட்டுக்கான திருகு அங்கேதான் இருக்கிறது. கிருமி எங்கே நுழைந்தாலும் சரி, நம் வெள்ளணுக்கள் ரத்தத்தில் சில ரசாயனங்களை விடுகின்றன. அவை மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. அதுதான் திருகை மேலே திருப்புகிறது. 98.6 போதும் என்றிருந்த உடம்பு இப்போது 103 வேண்டும் என்கிறது. அந்தச் சூட்டை எட்டும்வரை தசைகள் வெடவெடவென்று ஆடிச் சூடு பண்ணுகின்றன. அதுதான் குளிர் நடுக்கம். உடம்பு கொதிக்கும்போது போர்வை கேட்கிறோமே, அதன் காரணமும் இதுதான். மாத்திரை போட்டதும் திருகு கீழே இறங்குகிறது, கூடுதல் சூட்டை வெளியே தள்ள வியர்த்துக் கொட்டுகிறது.

திருகைத் திருப்பும் அதே புரோஸ்டாகிளாண்டினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வலியைக் கடத்தும் நரம்பு நுனிகளைக் கூராக்கி விடுவது. மூளைக்கு வலி தெரியாது. ஆளை விழித்திருக்க வைத்தே மூளையில் அறுவை செய்வார்கள். வலிப்பதெல்லாம் மூளையைச் சுற்றியுள்ள உறையும் அங்கே ஓடும் ரத்தக் குழாய்களும்தான். அந்த நரம்புகளில் பெரும்பாலானவை நெற்றிக்கும் கண்ணுக்கும் போகும் அதே நரம்பின் கிளைகள். அதனால்தான் காய்ச்சல் தலைவலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் உட்கார்ந்துகொள்கிறது, இருமினால் இடிக்கிறது, குனிந்தால் இடிக்கிறது. உடம்பு முழுக்க அடித்துப்போட்டது மாதிரி வலிப்பதற்கும் இதே பொருள்தான் காரணம்.

ஆக, தலைவலியும் காய்ச்சலும் ஒன்றுக்கொன்று தாய் பிள்ளை இல்லை, ஒரு தாயின் பிள்ளைகள். தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பழமொழி அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரே மாத்திரை இரண்டையும் அடக்குவதும் இதனால்தான். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று இங்கிலாந்தின் ஜான் வேன் 1971-ல் காட்டினார், 1982-ல் நோபல் பரிசும் வாங்கினார். பாராசிட்டமாலும் மூளைக்குள் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது.

உங்களை ஆறு நாள் ஏமாற்றியதும் அதுதான். மாத்திரை சூட்டை இறக்கியது, தலைவலியையும் இறக்கியது. கிருமி தன் பாட்டுக்கு இருந்தது. நாலு மணி நேரம் நன்றாக இருந்து மறுபடி மண்டை பிளந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு மணி நேரம் என்பது மாத்திரையின் ஆயுள். நோய் குறைந்தது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

செட் மாத்திரை பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டையைக் கத்தரித்து, பெயரில்லாமல், ஒரு காகிதப் பொட்டலத்தில் நாலு மாத்திரை. ஒன்று பாராசிட்டமால், ஒன்று வலி மாத்திரை, ஒன்று ஆன்டிபயாட்டிக், சில இடங்களில் குட்டியாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். அந்தக் குட்டி மாத்திரைதான் சாப்பிட்டதும் தெம்பு வந்த மாதிரி காட்டுவது. எல்லாக் கடைக்காரர்களும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் அமாக்சிசிலின் வகையாக இருக்கும். உங்களுக்கு வந்த கிருமி நம் செல்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. அதை அந்த வகை மருந்து தொடவே தொடாது. வலி மாத்திரையிலோ இன்னொரு ஆபத்து. உங்களுக்கு வந்தது டெங்குவாக இருந்திருந்தால், டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டியிருக்கும். உங்கள் ஒற்றைத் தலைவலிக்கு வைத்திருக்கும் மாத்திரையும் இந்த வகையைச் சேர்ந்ததா என்று பட்டையைப் பார்த்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு சுடுகிற நாளில் அதைத் தொடாதீர்கள், டெங்கு இல்லை என்று தெரியும்வரை வெறும் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் போடக்கூடாது.

அந்தக் கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்த டாக்டரம்மாவுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் அதைத் தவறவிட்டவன். நான் பயிற்சி முடித்த புதிது. மார்கழி மாதம், இரவுப் பணி. ஐம்பது வயது விவசாயக் கூலி அம்மா ஒருவர், எட்டு நாள் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. டைஃபாய்டு பார்த்தேன், மலேரியா பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆன்டிபயாட்டிக் ஏற்றினேன், காய்ச்சல் அசையவில்லை. மூன்றாம் நாள் காலை அவருக்கு உடம்பு துடைத்துவிட்ட ஆயா என்னிடம் வந்து, “சார், அந்தம்மாவுக்கு மார்புக்குக் கீழே பீடியால சுட்ட மாதிரி ஒரு புண்ணு இருக்கு, பார்த்தீங்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. கூச்சம்தான் காரணம், அவருக்கும் எனக்கும். போய்ப் பார்த்தேன். ஒரு மிளகை நசுக்கி ஒட்டிய அளவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் அவருக்கே தெரியாது. மருந்தை மாற்றினோம், மறுநாள் ராத்திரி காய்ச்சல் விட்டது. அந்த ஆயா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. அன்றிலிருந்து ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்று யார் வந்தாலும், ஒரு நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்கு அடி, காதுக்குப் பின்புறம் என்று ஓர் இடம் விடாமல் பார்த்துவிடுவேன்.

உண்ணிக் காய்ச்சல் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். ஆட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி என்று நினைத்து ஆட்டை விற்றுவிடாதீர்கள். இது கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுள்ள ஒரு சிற்றுண்ணியின் இளம் பருவம். புல்லிலும் புதரிலும் இருக்கும், எலிகளின் மேல் வாழும், மனிதன் அந்தப் பக்கம் போனால் ஏறிக்கொள்ளும். துணி இறுக்கிப் பிடிக்கும் இடம் அதற்குப் பிடித்தமான இடம். பாவாடை நாடா கட்டும் இடத்தில் கடித்தது அதனால்தான். கடித்தது தெரியாது. பெரும்பாலும் பத்து நாள் கழித்து, சிலருக்கு மூன்று வாரம்வரை ஆன பிறகு, காய்ச்சல் வரும். நம் பக்கம் மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகம். கிருமிக்கு ஒரியன்டியா சுட்சுகாமுஷி என்று பெயர், பின்பாதி ஜப்பானியச் சொல். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக் காடுகளில் இருந்த சிப்பாய்களைப் படுத்திய நோய் இது. காடு என்றால் எங்கோ தொலைவில் என்று நினைக்க வேண்டாம், ஏரிக்கரைப் புல்லே போதும்.

இந்த நோயில் தலைவலி சும்மா வராது, மற்றக் காய்ச்சல்களைவிட ஒரு படி கூடவே இருக்கும். கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியிருந்து அவற்றை அழற்றுகிறது, மூளை உறையின் குழாய்களையும் விடுவதில்லை. நீங்கள் ஆறாம் நாள் சம்பந்தமில்லாமல் பேசியது அந்த இடத்துக்கு நோய் வந்துவிட்டதன் அறிகுறி. நல்ல வேளை, இதற்கு மருந்து மலிவு. டாக்ஸிசைக்ளின் சரியான நேரத்தில் போனால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், உங்களுக்கு நடந்த மாதிரியே. முற்றிய நோய்க்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாக ஏற்றுவது ஒன்றைமட்டும் ஏற்றுவதைவிட நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று கிட்டத்தட்ட 800 இந்திய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. நம் ஊர் நோய்க்கு நம் ஊரிலேயே விடை தேடியிருக்கிறார்கள். ஒரு தடவை வந்துவிட்டதால் இனி வராது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், மறுபடியும் வரலாம். புல் அறுக்கப் போகும்போது முழுக்கைச் சட்டை, வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், போட்டிருந்த துணியை அன்றே துவைத்தல். புல்லின் மேல் உட்காரவோ துணியைப் போட்டுக் காயவைக்கவோ வேண்டாம்.

சரி, அடுத்த முறை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது அன்புக்கு நல்லது, அளவுக்கு ஆகாது. தலைவலி வந்ததும் மாத்திரை போடுவதற்கு முன்னால் சூடு பாருங்கள், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. மாத்திரைக்குப் பிறகு பார்த்தால் தெரியாது. 100.4-க்கு மேல் போனால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் வைக்கவும். சாயங்காலம் 99 காட்டுவது பலருக்கு இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இங்கே உள்காய்ச்சல் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். “தெர்மாமீட்டர் காட்டல சார், ஆனா உள்ளே காயுது” என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது சொல்கிறார்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு காய்ச்சல் கிடையாது. ஆனால் சொல்கிறவர்களை நான் சிரித்து அனுப்புவதில்லை. ஒரு வாரம் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் இருக்காது, அசதி, ரத்தசோகை, சரியான தூக்கம் இல்லாதது என்று ஏதாவது வெளிவரும். ஆனால் எப்போதாவது ஒரு தாளில் 100, 100.2, 100.6 என்று சாயங்காலம் மட்டும் ஏறும் வரிசை வரும். அதோடு வாரக்கணக்கில் மந்தமான தலைவலி, பசியின்மை, எடைக்குறைவு, வீட்டில் யாருக்கோ முன்பு காசநோய். மூளை உறையில் வரும் காசநோய் இப்படித்தான் பூனை நடையாக வருகிறது. மூன்று வாரத் தலைவலியோடு லேசான சூடு என்றால் அதைச் சாதாரணமாக விடவே கூடாது.

மற்றபடி உங்கள் பழைய தலைவலியின் நடை உங்களுக்கே தெரியும்: ஒரு பக்கம் துடிக்கும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, குமட்டும், தூங்கினால் விலகும், மூன்று நாளுக்கு மேல் நீளாது. அந்த நடையில் வராதது எதுவும் வேறு தலைவலி. கண்ணுக்குப் பின்னால் வலியோடு மூட்டெல்லாம் முறிகிற மாதிரி இருந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். அதில் காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்து, நன்றாகிவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் நேரம் பார்த்து வயிற்று வலியும் வாந்தியும் வரும். வெள்ளத் தண்ணீரிலோ சேற்றிலோ நின்ற பிறகு, கண் சிவந்து கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எலிக்காய்ச்சல். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோமே, அந்த சைனஸ் வலி கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் நின்று, குனிந்தால் பாரமாக இறங்கும். இதையெல்லாம் நீங்களே பிரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து மூன்றாம் நாளைத் தாண்டினால் டாக்டரிடம் போய், புல் அறுக்கப் போனது, ஏரியில் இறங்கியது, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் ‘புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போவேன்’ என்ற வரியைப் படித்தபோதே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

மூன்று நாள் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. தாடையைக் குனிந்து நெஞ்சில் தொட முடியாமல் கழுத்து விறைத்துக்கொள்வது, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, நிற்காத வாந்தி, அழுத்தினாலும் மறையாத சிவப்பு ஊதாப் புள்ளிகள் தோலில் வருவது, இடி இறங்கிய மாதிரி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் வந்த குழந்தை தலையைப் பிடித்துக்கொள்வது மேலே சொன்ன அதே இஸ்திரிப்பெட்டிக் கதைதான். சாதாரண சளிக்காய்ச்சலிலும் வரும். நான் பார்ப்பது ஒன்றுதான்: மருந்து கொடுத்துச் சூடு இறங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறாள்? எழுந்து டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை போட்டால் எனக்குப் பாதி பயம் போய்விடும். சூடு இறங்கியும் துவண்டே கிடந்தால், வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்றால், கழுத்தை அசைக்க அழுதால், உடனே கூட்டிப்போக வேண்டும். கழுத்தைப் பரிசோதிக்க ஒரு சுலப வழி: உட்கார வைத்துத் தன் முழங்காலில் தானே முத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டால் நல்லது. ஆனால் இதுவே கடைசித் தீர்ப்பு இல்லை, சின்னக் கைக்குழந்தைகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. இன்னொரு ஆறுதல்: குழந்தைகளின் மூளை உறைக் காய்ச்சலுக்குப் பெரிய காரணமாக இருந்த ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பூசி, ஐந்து நோய்த் தடுப்பூசியின் பகுதியாகத் தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்தே போடப்படுகிறது. உங்கள் மகளின் தடுப்பூசி அட்டையில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதக் கட்டங்களைப் பாருங்கள்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது வயதைப் பார்க்காமல் எடையைப் பார்க்க வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 25 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250-லிருந்து 375 வரை. சிரப் பாட்டில் வாங்கும்போது கவனம்: 5 மில்லியில் 125 உள்ளதும் வருகிறது, 250 உள்ளதும் வருகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரண்டு மூடி என்றால் உங்கள் பாட்டிலுக்கும் இரண்டு மூடி என்று அர்த்தமில்லை. ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் கொடுக்கவே கூடாது.

முதுகில் நீர் எடுப்பது. உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, பத்துக் குடும்பத்தில் ஐந்து முதலில் மறுக்கிறது. கால் வராமல் போய்விடும், ஆயுசுக்கும் முதுகு வலிக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு நடுவில். அங்கே நரம்பு இழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும், ஊசி பட்டால் விலகிப்போகும். சிசேரியனுக்கு மரத்துப்போக முதுகில் ஊசி போடுகிறார்களே, ஏறக்குறைய அதே இடம். நம் ஊரில் எத்தனை லட்சம் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு மறுவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்! எடுப்பது சில மில்லி. உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு அந்த நீரைச் சுரக்கிறது. ஜெர்மனியின் குயின்கே 1891-லேயே செய்து காட்டிய பரிசோதனை இது, நேற்று வந்தது இல்லை. எடுத்த பிறகு சிலருக்கு ஒரு விசித்திரத் தலைவலி வரும்: உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் போய்விடும். பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகும். மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்கள்.

சம்மதிக்காதது தப்பா என்று கேட்டால், தப்பு என்பதைவிடத் தப்பித்தீர்கள் என்றுதான் சொல்வேன். பொருக்கு இருந்தது, அது கண்ணில் பட்டது, மருந்து பொருந்தியது. இந்த நோய் வந்த எல்லாருக்கும் பொருக்கு இருப்பதில்லை. அது இல்லாமல், காய்ச்சலும் தலைவலியும் புத்தித் தடுமாற்றமும் மட்டும் இருந்திருந்தால், பாக்டீரியாவா, காசநோயா, வைரஸா என்று அந்த நீர்தான் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, சிலவற்றுக்குப் பத்து நாள், காசநோய்க்குப் பல மாதம். வைரஸ்களில் பலவற்றுக்குத் தனி மருந்தே கிடையாது. எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்ப்பதைவிட ஐந்து நிமிட ஊசி மேல். இனி வீட்டில் யாருக்காவது கேட்டால், “ஏன் எடுக்கிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் ஒற்றைத் தலைவலி பற்றி ஒரே ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். மாதம் மூன்று நான்கு தடவை மாத்திரை என்பது பரவாயில்லை. அது மாதத்தில் பத்து நாளைத் தாண்ட ஆரம்பித்தால் மாத்திரையே தலைவலியைக் கொடுக்கத் தொடங்கும். தையல் மிஷினுக்கு எதிரே காலண்டர் மாட்டியிருப்பீர்கள், மாத்திரை போட்ட நாளில் மார்க்கிங் சாக்கால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

கடைசியாகத் தலைக்குத் தண்ணீர். இத்தனை நாள் என்று மருத்துவத்தில் கணக்கு இல்லை. காய்ச்சல் விட்டு, எழுந்து நின்றால் தலை சுற்றாமல் இருந்தால் போதும், வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். காய்ச்சல் இருக்கும்போதே வெதுவெதுப்பான துணியால் உடம்பு துடைக்கலாம், ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம், நடுக்கம் கூடும். நீங்கள் எழுதி, நான் பதில் எழுதி, இது உங்கள் கைக்கு வருவதற்குள் எப்படியும் பல தடவை தலைக்குக் குளித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: இவ்வளவு கடுமையான காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் முடி கொத்தாக வரும். சீக்கிரம் தலைக்கு ஊற்றியதால்தான் என்று மாமியார் சொல்லக்கூடும். குளியலால் இல்லை, காய்ச்சலால். எண்ணெய் மாற்றிச் செலவு பண்ண வேண்டாம், சில மாதத்தில் தானே வளர்ந்துவிடும்.